டயர் வெடித்தது, நாங்கள் ஓடிவிட்டோம்

1

சிவகாசிப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். இங்கே டெக்சாஸில் யாருமே சிரிக்கவில்லை.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நானும் என் மகனும் பேத்தியை காருக்குள் தனியாக விட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடினோம். பதினைந்து வயதுப் பிள்ளை. வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவளே அவள்தான். அப்பன் வாத்தியாராகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் பின்னால் இருந்தேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. முதலில் தீப்பெட்டி, பிறகு பட்டாசுக் கம்பெனி. நானும் என் வீட்டுக்காரரும் அந்த வேலையிலேயே மகன் கணேசனைப் படிக்க வைத்தோம். அவர் போன பிறகு கணேசன் என்னை இங்கே கூட்டி வந்துவிட்டான். மருமகள் சுமதி காரியாபட்டிப் பெண். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை. பேத்தி பெயர் அபி. வீட்டில் நாங்கள் நாலு பேர்.

எனக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு, கூச்சம் அதிகம். ஊரில் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. சுற்றிலும் பேசுகிறவர்கள் இருந்தார்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும், பொழுது போய்விடும். இங்கே எல்லாரும் காலையில் கிளம்பிப் போனதும், நான் பேசாவிட்டால் வீடும் பேசுவதில்லை. சில நாள் குழாயைத் திறந்து பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

2

அபிக்குப் பதினைந்து முடிந்ததும் வண்டி பழக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். இந்த ஊரில் அது பகட்டு இல்லை. டவுன் பஸ் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கோ கடைக்கோ கூட்டாளி வீட்டுக்கோ யாராவது கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. நடந்து போகலாம் என்றால் நடக்கிற ஆளைப் பார்த்து கார்க்காரர்கள், பாவம் இந்தப் பொம்பளைக்கு என்ன கஷ்டமோ என்பதுபோல நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

இந்த மாநிலத்துச் சட்டப்படி தாயோ தகப்பனோ வாத்தியாராக இருந்து பிள்ளைக்கு வண்டி பழக்கலாம். அதற்கென்று ஒரு பாடம் உண்டு. அப்பனும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படிக்கிறார்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஓட்ட வைக்க வேண்டும். இது போதாதென்று, பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் வாங்கி வரவேண்டும். படிக்காத பிள்ளைக்கு இங்கே லைசென்ஸ் தரமாட்டார்களாம். இது எனக்குப் பிடித்திருந்தது.

ஆபீசுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். தாளில் போட்ட தேதி பழசாகிவிட்டது என்று முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் என்றால் எங்கேயும் ஆபீஸ்தான். மறு தடவை போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் 'யெஸ்' என்று சொல்லிவைத்தேன். அபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பத்தா, நீங்களும் லைசென்ஸ் எடுக்க வந்திருக்கீங்களான்னு கேட்டாங்க."

"எடுத்தா என்ன, குடுக்க மாட்டாகளா?" என்றேன். அந்த அம்மாவுக்கு அபி அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அவரும் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் கணேசன் மகளிடம், "இனிமே நான்தான் வாத்தியாரு, தெரிஞ்சுக்கோ" என்றான். அவன் முகத்தில் ஒரு பெருமை. எனக்கு அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் ஞாபகம் வந்தது. அவன் அப்பா வாத்தியாரைக் கும்பிட்டு, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பெற்றவர்கள் பாடு அதோடு முடிந்தது. மற்றது வாத்தியார் பாடு. பெற்றோரை வரச் சொன்னால் சீசன் நேரத்தில் யார் போவது? ஒரே ஒரு தடவை போனேன். கையெல்லாம் கறுப்பு மருந்து ஒட்டியிருக்கிறதே என்று உள்ளே போகக் கூசி, கேட் பக்கத்துக் குழாயடியிலேயே நின்றேன். வாத்தியார்தான் எழுந்து வந்து, "உங்க மகன் நல்லாப் படிக்கான். வீட்டுக்குப் போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புவரை ஓட்டினேன்.

இங்கே எல்லாம் தலைகீழ். சர்க்கார் பிள்ளையைத் திருப்பி அப்பன் கையில் கொடுத்து, நீயே சொல்லிக்கொடு என்கிறது.

3

சொல்லிக்கொடுப்பது எளிதாக இல்லை. வீட்டில் பூனைபோல இருக்கிற கணேசன், காரில் ஏறியதும் வேறு ஆளாகிவிடுவான்.

"பிரேக்க மிதி. மிதி. மிதிலே!"

"நான் லே இல்லப்பா."

"சரி தாயே, மிதி."

"மிதிச்சாச்சு. கார் நிக்குது. நீங்கதான் இன்னும் கத்தறீங்க."

இரண்டாம் நாளே சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி வந்தார்கள். அன்று முதல் என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். நான் இருந்தால் இரண்டு பேரும் குரலை உயர்த்துவதில்லை. அதுதான் என் வேலை. ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாக வரும்.

முதன்முதலாகப் பெரிய ரோட்டில் ஏறின அன்று அபி வண்டியை ஊர்ந்தாற்போல ஓட்டினாள். "எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள்.

"எதுக்குப் பயம்? நான் பக்கத்துலயே இருக்கேன்ல. எங்கயும் போயிர மாட்டேன்" என்றான் கணேசன்.

நான் அதைக் கேட்டேன். அவளும் கேட்டாள்.

சனி, ஞாயிறு காலையில் போவோம். இந்த ஊரும் வெயில் ஊர்தான். பத்து மணிக்கே தூரத்து ரோடு தண்ணீர் கொட்டிக் கிடப்பதுபோல மினுங்கும். அதைப் பார்த்தால் சாத்தூர் ரோடு என்றே தோன்றும். கண்ணை அரைவாசி மூடிக்கொள்வேன். அப்படியே கம்பெனி பஸ்ஸுக்குள் போய்விடுவேன். பொழுது விடியும் முன்னால் வருகிற பஸ். ஈரத்தலையோடு ஏறுகிற பெண்கள். கொண்டை ஊசி இருந்தால் பிடுங்கி வைத்துவிட்டு வருவார்கள். கம்பெனிக்குள் இரும்பு ஆகாது. நாரணாபுரத்தில் மாரித்தாய் ஏறுவாள். என்னைவிட இளையவள். என் பக்கத்தில் வந்து விழுந்து, தினமும் அதே கேள்வி கேட்பாள்: "என்ன மதினி, சாப்பிட்டீகளா?"

"விடியக்காலம் என்னத்தச் சாப்பிட?"

"நான் கேக்குறதக் கேட்டுட்டேன். இனி சாப்பிடாதது உங்க குத்தம்."

கண்ணைத் திறந்தால் குளிரூட்டின கார். இரண்டு பக்கமும் புல். மனுஷ வாடை இல்லை. மாரித்தாயின் ஈரத்தலை என் தோளில் பட்ட இடம் மட்டும் ஜில்லென்று இருப்பதுபோல இருக்கும்.

4

அந்தச் சனிக்கிழமை அபி நன்றாகத்தான் ஓட்டினாள். கணேசன்கூட, "பரவாயில்ல, தேறிட்ட" என்றான். அவன் அப்படிச் சொல்லி முடிக்கவும், எங்களுக்குக் கீழே அணுகுண்டு வெடித்ததுபோல ஒரு சத்தம்.

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தது. அபி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிரேக்கை மிதிக்கவில்லை. பாடத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறதாம். மெதுவாக, மெதுவாக, ரோட்டைவிட்டு வலது ஓரத்தில் இறக்கி நிறுத்தினாள். இதெல்லாம் பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் ஒன்றுதான்.

கார் நின்றதும் நான் கதவைத் திறந்தேன். ஓடினேன்.

முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கிறவள் நான். அன்று செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புல்மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் கம்பி வேலிவரை ஓடியிருக்கிறேன். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் ஓட வேண்டும். எந்த ரூமில் வெடித்தது என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. செருப்பைத் தேடக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கேட்டுக்கு வெளியே போய் நின்ற பிறகுதான் மூச்சு விடவேண்டும். இதை யாரும் எனக்கு எழுதிக் காட்டவில்லை. என் காலுக்குத் தெரியும்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் இன்னொரு கையும் அதே கம்பியைப் பிடித்திருந்தது. கணேசன். பெரிய கம்பெனியில் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவன், மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறான். அவனும் ஓடி வந்திருக்கிறான்.

"எம்மா, ஒனக்கு ஒண்ணுமில்லைல?"

"ஒண்ணுமில்லலே. ஒனக்கு?"

"இல்லம்மா."

அப்புறம் நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல இடமும் வலமும் பார்த்தோம். மற்றவர்கள் வந்துவிட்டார்களா என்று பார்த்தோம். வெளியே வந்து நின்றதும் யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தலை எண்ணுவதுதான் அடுத்த வேலை. வேலி நெடுகப் பார்த்தேன். ஒருத்தரும் வரவில்லை. புல்தான் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் மாரித்தாயைத் தேடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் எனக்கு இருந்தது மாரித்தாய் ஞாபகம்தான். அவள் ஏன் இன்னும் வரவில்லை?

அதற்குப் பிறகுதான் கீழே நிற்கிற காரைப் பார்த்தேன். இரண்டு கதவும் ஆவென்று திறந்து கிடந்தன. விளக்கு மினுக்கு மினுக்கு என்று எரிந்துகொண்டிருந்தது. லாரிகள் காரை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அபி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, பெல்ட்டைக் கழற்றாமல், கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, பிள்ள" என்றான் கணேசன்.

அவன் கீழே ஓடுவதற்குள் அவள் பெல்ட்டைக் கழற்றி, எட்டி முன்கதவை இழுத்து மூடிவிட்டாள். பின்கதவையும் எப்படியோ எட்டிப் பிடித்து மூடினாள். பூட்டுகிற சத்தம் மேடுவரை எனக்குக் கேட்டது. கணேசன் கண்ணாடியைத் தட்டினான். "அபி, அப்பா வந்திருக்கேம்மா. அபி" என்று தட்டிக்கொண்டே நின்றான். அவள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நொண்டி நொண்டி இறங்கிப்போய்ச் சேர்ந்த பிறகுதான், என் வெறுங்காலைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தாள்.

5

டயரை மாற்றி வீட்டுக்கு வந்ததும் அபி தன் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அப்பா என்னை விட்டுட்டு ஓடிட்டாங்க." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுமதி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தை, நீங்களுமா?"



"எங்க காரியாபட்டில மாடு முட்ட வந்தாக்கூடப் பிள்ளையத் தூக்கிக்கிட்டுத்தான் ஓடுவோம். நீங்க என்ன ஊர்க்காரங்க?" என்றாள் கணேசனிடம். "டயரு வெடிச்சதுக்கா ஓடுனீங்க? அம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு?"

"தெரியல சுமதி. காலு தன்னால போயிருச்சு."

"பிள்ள பக்கத்துல இருக்கா. அவளைப் பிடிச்சு இழுக்கணும்னுகூடத் தோணலையா?"

"தோணல" என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அதுவே பெரிய வம்பாகிவிட்டது.

விருதுநகர் ஜில்லாவிலேயே பிறந்தவள் சுமதி. பஸ்ஸில் ஏறினால் எங்கள் ஊருக்கு வந்துவிடலாம். அவர்களுக்கு வயல், ஆடு மாடு, மதுரை வியாபாரம். அவளுக்கே விளங்கவில்லை என்றால் இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

அபி அன்றிலிருந்து அப்பனோடு காரில் ஏறவில்லை. வாய்ச்சண்டை போட்டிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அவள் மரியாதையாகப் பேசினாள். "தேங்க்ஸ்ப்பா", "வேண்டாம்ப்பா", "அம்மா கூட்டிட்டுப் போவாங்கப்பா." சுமதிக்கோ ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறி மாறி வரும். பழக வேண்டிய மணி நேரம் அப்படியே நின்றது. கணேசன் சனிக்கிழமை காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு, சாவியை மேஜையில் வைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்திருப்பான். அவள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு அவனைத் தாண்டிப் போய்த் தோசை எடுத்துக்கொள்வாள். அவன் பத்து மணிவரை பார்ப்பான். பிறகு எழுந்து போய்ப் புல் வெட்டுவான். வெட்டின புல்லையே வெட்டுவான்.

பிள்ளை அப்பனை நம்பாமல் போய்விட்டால் அது வண்டி ஓட்டுவதோடு நிற்காது. எனக்கு அந்தப் பயம்தான். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் காலேஜுக்கென்று வேறு ஊர் போய்விடுவாள். இங்கே பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள். காருக்குள்ளிருந்து எங்களைப் பார்த்த அந்த ஒரு பார்வையை மனதில் வைத்துக்கொண்டு போனாளென்றால்?

பொறுக்காமல் மாரித்தாய்க்குப் போன் போட்டேன். எங்களுக்குச் சாயங்காலம் என்றால் அவளுக்குக் காலை. பேரன் யாரோ போனைப் பிடித்துக் கொடுத்தான். திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"என்ன மதினி, சாப்பிட்டீகளா?"

நடந்ததைச் சொன்னேன். முடிப்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நெற்றி போய், வாய் வந்தது, பல் வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"வேலியில போயி நின்னீகளாக்கும்! கணேசனுமா! ஏ ஆத்தா, எம்புட்டுப் படிச்சாலும் விஸ்வநத்தத்துக் காலு விஸ்வநத்தத்துக் காலுதான்!"

"சிரிக்காத மாரித்தாயி. வீட்டுல யாரும் பேசிக்கிடல."

"பின்ன? சத்தம் கேட்டா ஓடாம உக்காந்து தோசையா சுடுவாக?"

நானும் சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். 'ஏன் ஓடினாய்' என்று கேட்காத ஒரு ஆளிடம் பேசி எவ்வளவு காலம் ஆகிவிட்டது! அடுப்படியில் தனியாக நின்று சிரிக்கிறேன். கண்ணில் தண்ணீர் வழிகிறது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. ஓடிப்போய் நின்றால் தேடுவதற்கு அவள் இருக்கிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள். "அது சரி, பிள்ள ஏன் ஓடல?"

"காருக்குள்ளயே இருக்கணும்னு அதுக்குப் பாடமாம்."

"அப்ப அது பாடத்துப்படிதான் இருந்திருக்கு. நீங்க உங்க பாடத்துப்படி ஓடியிருக்கீக. நம்ம பாடத்த அதுக்கு யாரும் சொல்லலையா?"

"சொல்லல."

"பெத்தவன் சொல்லணும்ல. அங்கன நாரணாபுரம்னு ஒரு ஊரு இருக்குன்னாச்சும் அதுக்குத் தெரியுமா?"

தெரியாது. அபிக்கு எங்கள் ஊர் என்றால் உயரமான கோயில் கோபுரம் ஒன்று, பால்கோவா ஒன்று. நாங்கள் என்ன வேலை பார்த்தோம் என்பதைக் கணேசன் அவளிடம் சொன்னதில்லை. வெட்கம் இல்லை. பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கிறான்.

6

நான் கணேசனிடம் சொன்னேன். "தொட்டிக்கிட்ட நின்னதச் சொல்லுலே."

"அது எதுக்கும்மா இப்ப?"

"சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். அபி எழுந்து போக இருந்தாள். கணேசன் சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே பேச ஆரம்பித்தான். தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னான். இங்கிலீஷில் சொன்னதும் எனக்கு விளங்கியது. நானும் அங்கே இருந்தவள்தானே.

அவனுக்கு அப்போது அபி வயது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளும் கம்பெனிக்கு வந்து காகிதக் குழாய் உருட்டுவார்கள். இப்போது அதெல்லாம் கூடாது. அவன் ஒரு ரூமில். நான் தள்ளி வேறொரு ரூமில். வேலைக்கு வந்த முதல் நாளே அவன் தோளைப் பிடித்து நான் சொல்லியிருந்தேன்: சத்தம் கேட்டால் ஓடு, என்னைத் தேடாதே, நானும் உன்னைத் தேட மாட்டேன், கேட்டுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

"ஏன் தேடக் கூடாது?" என்றாள் அபி. பல நாள் கழித்து அப்பனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

கணேசன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். வேறொரு கம்பெனியில் ஒரு அம்மா மகனைத் தேடித் திரும்பி உள்ளே போனார். மகன் அதற்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டான். வெளியே நின்றுகொண்டே இருந்தான்.

அபி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதனாலதாம்மா. பிள்ள ஓடியிருக்கும்னு நம்பி அம்மா ஓடணும். அம்மா ஓடியிருக்கும்னு நம்பிப் பிள்ள ஓடணும். ரெண்டு பேரும் நம்புனாத்தான் ரெண்டு பேரும் மிஞ்சுவாக."

பிறகு அந்த நாளைச் சொன்னான். சத்தம். ஓட்டம். தொட்டியடியில் அவன் போய் நின்றபோது நான் அங்கே இல்லை. ஒவ்வொருத்தராக வருகிறார்கள். நான் வரவில்லை. உள்ளே புகை. போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்ததாம். தொட்டி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றானாம். நான் பின்பக்கமாகக் கருவேல முள்ளுக்குள் விழுந்து, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

"அப்பத்தா வந்ததும் என்ன சொன்னாங்க? ஹக் பண்ணாங்களா?"

"'திரும்பிப் பாத்தியாலே?'ன்னு கேட்டா. 'இல்லம்மா'ன்னேன். 'நல்ல பிள்ள'ன்னா. அப்புறம் அழுதா."

நான் அழுததை அவன் பார்த்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அபி தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள், கோபம் இன்னும் இருந்தது, ஆனால் மரியாதைப் பேச்சு போய்விட்டிருந்தது. "எனக்கு அந்த ரூல் சொல்லவே இல்லையே அப்பா. நீங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு நான் வருவேன்னு பாக்கறீங்க. நான் உள்ள உக்காந்து நீங்க வருவீங்கன்னு பாக்கறேன்."

"ஆமாம்மா."

"காருக்கு அது தப்பு ரூல் அப்பா. லாரி அடிச்சிருக்கும்."

"தப்புத்தான்."

"அப்பத்தாவும் ஓடக் கூடாது."

"நான் ஓட மாட்டேன் தாயி" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவளுக்கும் இல்லை என்பது அவள் பார்வையில் தெரிந்தது.

7

ஜூலையில் இந்த நாட்டுச் சுதந்திர தினம் வரும். இந்தப் பக்கத்தில் வெடி போடுகிற நாள் அது. ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் கூடாரம் அடித்து வெடி விற்கிறார்கள். கணேசன் ஒரு பெட்டியைக்கூட வீட்டுக்குள் வாங்கி வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கூடாரங்களைத் தாண்டும்போது பெட்டிகளில் ஒட்டிய படங்களைப் பார்ப்பேன். நம்ம ஊரில் அச்சடித்த படத்தின் சிவப்பு வேறு. அந்தச் சிவப்பு இங்கே கிடையாது.

அன்று சாயங்காலம் தயிர் இல்லை என்று சுமதி சொன்னாள். அபி மேஜையில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு அப்பன் முன்னால் போய் நின்றாள்.

"வாங்கப்பா."

புல் வெட்டப் போக இருந்தவன், போட்டிருந்த பழைய சட்டையோடு எழுந்து வந்தான். மாற்றிக்கொள்ளப் போனால் அவள் மனது மாறிவிடுமோ என்று பயந்தவன்போல வந்தான். நானும் செருப்பை மாட்டினேன்.

அபி எனக்குப் பின்கதவைத் திறந்துவிட்டாள். நான் உட்கார்ந்ததும் கதவு ஓரத்தில் குனிந்து ஏதோ தள்ளினாள்.

"என்னத்தா பண்ணுற?"

"சைல்ட் லாக், அப்பத்தா. இதப் போட்டா உள்ள இருந்து கதவு திறக்காது. சின்னப் பிள்ளைங்களுக்குப் போடறது."

"நான் சின்னப் பிள்ளையா?"

"ஓடற பிள்ள."

பிறகு அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து பெல்ட் மாட்டினாள். கணேசன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் வண்டியைக் கிளப்பவில்லை.

"முன்கதவுக்கு அந்த லாக் கிடையாதுப்பா. உங்கள நான் நம்பித்தான் ஆகணும்."

கணேசன் பெல்ட்டை இழுத்து மாட்டினான். மாட்டினது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். அவளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நகர்ந்தது.

கடைக்குப் போகிறவரை ஒன்றுமில்லை. தயிர் வாங்கித் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு தெருவில் பிள்ளைகள் இருட்டுமுன்னே ஆரம்பித்துவிட்டார்கள்போல. எங்கள் பக்கத்தில், மிகவும் பக்கத்தில், ஒன்று வெடித்தது. உடனே இன்னொன்று.

முன்சீட்டில் கணேசனின் கை பெல்ட் பூட்டுக்குப் போனதைப் பார்த்தேன். அங்கேயே நின்றது. விரல்கள் அதன்மேல் இறுகி வெளுத்தன.

"அப்பா?" என்றாள் அபி, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"இருக்கேம்மா."

மூன்றாவதும் வெடித்தது. அவள் காரை மெதுவாக்கி, தெருவில் ஓடின பிள்ளைகளுக்கு வழிவிட்டு, திரும்ப ஓட்டினாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. ஓட்டு."

புகை காருக்குள்ளும் கொஞ்சம் வந்தது. வாடை கொஞ்சம் வேறு, ஆனால் அதுதான்.  தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் திரி காயப்போடுகிற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. அப்போதுதான் பார்த்தேன், என் கை கதவுப் பிடியை அடிமட்டும் இழுத்துப் பிடித்திருந்தது. எந்தச் சத்தத்துக்கு இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது. கதவு திறக்கவில்லை.

"அப்பத்தா, பின்னாடி என்ன சத்தம்?"

நான் பிடியை விட்டேன்.

"ஒண்ணுமில்ல தாயி. நீ ரோட்டப் பாரு."